அந்தக் குழாய் எங்கே போகிறது?

கிள்ளான் பள்ளத்தாக்குத் தொழிற்சாலைகளில் கூலிங் டவர் பார்க்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்களுக்கு யாரும் மடல் எழுதுவதில்லை. ஆறு நாறினால் மந்திரி புசாருக்கு எழுதுவார்கள். குழாயில் தண்ணீர் நின்றால் ஆயர் சிலாங்கூருக்கு எழுதுவார்கள், அதுவும் திட்டித்தான். முதலாளிக்கு நோட்டீஸ் போகும். ஆனால் இராத்திரி இரண்டு மணிக்குக் கூரைமேல் ஏறி, டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு பிளீட் வால்வைத் திருகுகிறவர் நீங்கள். அந்த வால்வுக்கும் ஆற்றுக்கும் நடுவில் வேறு ஆள் கிடையாது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் கிள்ளான்காரன். 1981-இல் வேலைக்குச் சேர்ந்து, பாய்லர், சில்லர், கூலிங் டவர் என்று முப்பத்து நான்கு வருஷம் ஓடிவிட்டு ஓய்வு பெற்றவன். என் தாத்தா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவர். நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் காட்டுகிற வேலை. தண்ணீர் கெட்டால் பாய்லருக்குள் காரை பிடிக்கும், இன்ஜின் செத்துவிடும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஜினுக்குள் போகிற தண்ணீரைப் பற்றி அவ்வளவு அக்கறை. வெளியே போகிற தண்ணீரைப் பற்றி அவர் ஒருநாளும் பேசிக் கேட்டதில்லை. பேரன் நானும் அதைத்தான் கற்றுக்கொண்டேன்.

நான் சேர்ந்த தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். அங்கே டவர் தொட்டியில் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். நன்றாகக் குழைத்த மஞ்சள் நீர் போலவே இருக்கும். மஞ்சள் குறைந்தால் இன்னும் கொஞ்சம் மருந்து ஊற்று, மஞ்சளாக இருந்தால் டவர் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். இதுதான் முதல் நாள் எனக்குக் கிடைத்த பாடம். உப்பு ஏறிவிட்டால் பிளீட் வால்வைத் திறந்து அந்த மஞ்சள் தண்ணீரை லொங்காங்கில், அதாவது தெருவோர மழைநீர்க் கால்வாயில், விடுவோம். வேலிக்கு அந்தப் பக்கம் அதே லொங்காங்கில் பையன்கள் ஜாடியை வைத்துக்கொண்டு கப்பி மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் மேற்பார்வையாளர் அவர்களை விரட்டச் சொன்னார். மீனுக்காகவோ பையன்களுக்காகவோ அல்ல, வேலியில் ஏறுகிறார்கள் என்பதற்காக. நானும் விரட்டினேன்.

அந்த மஞ்சள், குரோமேட். இரும்பு துருப்பிடிக்காமல் காக்க அதைப்போல வேலை செய்கிற மருந்து அந்தக் காலத்தில் குறைவு. அதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தருவது. ஜூலியா ராபர்ட்ஸ் நடித்த ‘எரின் பிராக்கோவிச்’ படம் 2000-இல் வந்தது. வழக்கறிஞர் அலுவலகத்துப் பெண் ஒரு பெரிய கம்பெனியை எதிர்த்து ஜெயித்த கதை என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். உண்மையில் அது நம்முடைய தொழில் கதை. கலிபோர்னியாவில் ஹிங்க்லி என்ற சிற்றூரில் இருந்த எரிவாயு அழுத்த நிலையம், 1952-லிருந்து 1966 வரை தன் கூலிங் டவரில் குரோமேட் போட்டது. கழித்த தண்ணீரை அடியில் எந்தக் காப்பும் இல்லாத குட்டைகளில் விட்டது. அது நிலத்தடி நீருக்கு இறங்கி ஊரார் கிணறுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1996-இல் 33.3 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. படம் பார்த்துவிட்டு வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மனைவி படம் அவ்வளவு நன்றாக இருந்ததா என்று கேட்டாள்.

இப்போது குரோமேட் இல்லை. அதன் இடத்தில் பாஸ்பேட், பாஸ்போனேட், துத்தநாகம், பாசி கொல்லி, குளோரின், புரோமின். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதனால்தான் எனக்குப் பயம் அதிகமாகிறது. மஞ்சள் தண்ணீர் லொங்காங்கில் ஓடினால் யாராவது ஒருவர் எட்டிப் பார்ப்பார். நிறமில்லாத தண்ணீரை யார் பார்க்கப்போகிறார்கள்? ‘கூலிங் தண்ணிதானே அண்ணே, எதையும் தொடாத தண்ணி’ என்று ஒரு தம்பி அண்மையில் என்னிடம் சொன்னார். புராசஸ் பொருளைத் தொடவில்லை என்பது சரி. மருந்தைத் தொட்டிருக்கிறது, துருவைத் தொட்டிருக்கிறது, கோலாலம்பூர்க் காற்றில் உள்ள தூசி முழுவதையும் கழுவி எடுத்திருக்கிறது. எங்காவது ஒரு வெப்பப் பரிமாற்றியில் குழாய் ஓட்டையானால் எண்ணெயும் சேர்ந்துகொள்ளும்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். கிள்ளானில் வளர்ந்தவர்களுக்குக் கொன்னாட் பிரிட்ஜ் மின்நிலையம் தெரியும். 1953-இல் திறந்தார்கள். அந்தக் காலத்து மின்நிலையங்களை ஆற்றங்கரையில் கட்டியதற்குக் காரணம், ஆற்றை உள்ளே இழுத்து, சூட்டை அதன் தலையில் ஏற்றி, திரும்ப ஆற்றிலேயே விடலாம் என்பதுதான். காப்பாரில் உள்ள பெரிய மின்நிலையம் அதையே கடல்நீரை வைத்துச் செய்கிறது. சூட்டுத் தண்ணீர் விஷமில்லை என்று தோன்றும். ஆனால் 25 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 35 டிகிரியில் அது 7-க்குக் கீழே இறங்கிவிடும். சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், கிடைப்பதோ குறைவு. சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களைக் கேட்டால் அனல்மின் நிலையத்துச் சுடுநீர் இறால்பாட்டை என்ன செய்தது என்று விடிய விடியச் சொல்வார்கள்.

கூலிங் டவர் வந்தது இந்த விஷயத்தில் பெரிய முன்னேற்றம்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதே சூட்டை ஆற்றுநீரை 6 டிகிரி மட்டும் சூடாக்கி வெளியேற்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய நூறு லிட்டர் வேண்டும். அதாவது டவர் நூறில் ஒரு பங்குத் தண்ணீரை வைத்துக் காரியத்தை முடித்துவிடுகிறது. ஆனால் ஆவி போகும், உப்பு போகாது. ரசத்தை அடுப்பில் வற்ற வைத்தால் கரிக்கிற மாதிரி. அந்தக் கரிப்பைக் கழிக்கத்தான் பிளீட் வால்வு.

இங்கே ஒரு கணக்கு. நீங்கள் தினமும் பார்க்கிற எண்கள்தான், ஆனாலும் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். உங்கள் டவரில் ஒருநாளைக்கு 100 கனமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். உப்பு இரண்டு மடங்கு ஏறியதுமே திறந்துவிட்டால், அதாவது சைக்கிள் 2 என்றால், 100 கனமீட்டர் லொங்காங்குக்குப் போகும். புதுத் தண்ணீர் 200 வாங்க வேண்டும். சைக்கிள் 3-க்குப் போனால் கழிவு 50, புதுத் தண்ணீர் 150. ஐந்தில் கழிவு 25, புதுத் தண்ணீர் 125. இரண்டிலிருந்து ஐந்துக்கு ஏறியதில் ஒருநாளைக்கு 75 கனமீட்டர் மிச்சம். கழிவு நாலில் ஒன்றாகிவிட்டது. புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. கண்டக்டிவிட்டி மீட்டரைத் துடைத்து, ஒழுங்காகக் காலிபரேட் செய்து, ஒழுகுகிற சொலினாய்டு வால்வை மாற்றியதோடு சரி. எத்தனை இடத்தில் அந்த மீட்டர் செத்துப்போய், யாரோ ஒரு புண்ணியவான் பைபாஸ் வால்வைக் கால்வாசி திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது! நான் போன ஒவ்வொரு தொழிற்சாலையிலும் இதைப் பார்த்தேன். அதில் இரண்டு இடத்தில் திறந்துவைத்த புண்ணியவான் நான்.

நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. மழையில் பிறந்த ஆறுகள், மென்மையான தண்ணீர், சுண்ணாம்பு குறைவு. உள்ளே வருகிற தண்ணீர் 120 மைக்ரோசீமன்ஸ் காட்டினால், தொட்டியில் 600 வரை கூசாமல் விடலாம், அதுவே ஐந்து சைக்கிள். பாலைவன நாட்டுக்காரன் இரண்டரைக்கு மேல் போக முடியாமல் தவிப்பான். அதற்காகப் பத்து, பதினைந்து என்று வீம்புக்கு ஏற்றவும் வேண்டாம். ஐந்திலிருந்து பத்துக்குப் போனால் மிச்சமாவது மேலும் 14 கனமீட்டர்தான். சிலிக்கா படிய ஆரம்பித்தால் சில்லர் கண்டென்சரைத் தேய்த்துக் கழுவ நீங்கள்தான் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியிருக்கும்.

சரி, மீதி 25 கனமீட்டர்? அதை எங்கே விடுவது? இங்கேதான் எனக்கு உங்களிடம் ஒரு வழக்கு இருக்கிறது.

மலேசியாவில் லொங்காங் வேறு, சாக்கடைக் குழாய் வேறு. சாக்கடைக் குழாய் இண்டா வாட்டரின் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. லொங்காங் நேராக ஆற்றுக்குப் போகிறது, பெரும்பாலும் நடுவில் ஒரு வடிகட்டிகூடக் கிடையாது. இதைத் தெரியாதவர்கள் நம்மில் நிறையப் பேர், படித்த பொறியாளர்கள் உட்பட. தெரிந்தவர்கள் வேறொன்று செய்கிறார்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு வானம் இருட்டும்வரை காத்திருப்பார்கள். மழை கொட்டத் தொடங்கியதும், ‘இப்போ திற’. பெருவெள்ளத்தோடு வெள்ளமாக எல்லாம் போய்விடும். இந்தத் தந்திரத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் தமிழர், நான் சொல்லிக்கொடுத்தவர்களும் தமிழர்கள். பரம்பரைச் சொத்து மாதிரி கைமாறி வந்திருக்கிறது.

2020 செப்டம்பர் உங்களுக்கு மறந்திருக்காது. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம், கையைக் கழுவு கையைக் கழுவு என்று தொலைக்காட்சி கத்திக்கொண்டிருக்கிறது, செப்டம்பர் 3-ஆம் தேதி தண்ணீர் நின்றது. சுங்கை சிலாங்கூரிலிருந்து நீர் எடுக்கிற நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை வாடை காரணமாக மூடினார்கள். கோலாலம்பூர், பெட்டாலிங், ஷா ஆலாம், கிள்ளான், கோம்பாக் என்று 1,292 இடங்களில், சுமார் 12 இலட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. ரவாங் பக்கம் சுங்கை கோங் என்ற சின்ன ஆற்றில், கனரக இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒரு தொழிற்சாலையிலிருந்து கழிவு போனதாக அதிகாரிகள் சொன்னார்கள். அது கூலிங் தண்ணீர் அல்ல, கரைப்பான். ஆனால் வழி ஒன்றுதான்: தொழிற்சாலை, லொங்காங், பெயர் தெரியாத ஒரு சின்ன ஆறு, அப்புறம் பெரிய ஆறு, அப்புறம் நம் வீட்டுக் குழாய். தண்ணீர் லாரி வந்தபோது எங்கள் தாமானில் வாளியோடு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்றவர் இன்னொரு தொழிற்சாலையின் பராமரிப்புச் சூப்பர்வைசர். ‘எந்தப் பாவி பண்ணினானோ’ என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2009-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகள் இருக்கின்றன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்பகுதியில் இருந்தால் ஸ்டாண்டர்ட் ஏ, மற்ற இடத்தில் ஸ்டாண்டர்ட் பி. எண்ணெய்ப் பிசுக்கு ஏ-யில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், பி-யில் 10. சூடு இரண்டிலும் 40 டிகிரி. துத்தநாகம் இரண்டிலும் 2. குளோரின் ஏ-யில் 1, பி-யில் 2. உங்கள் டவர் தொட்டி 31, 32 டிகிரிதான் இருக்கும், ஆகவே சூட்டில் எப்போதும் பாஸ். அந்தப் பாஸை மட்டும் காட்டிச் சமாளிக்கக் கூடாது, மருந்து ஊற்றிய அடுத்த ஒரு மணி நேரத்தில் குளோரின் எவ்வளவு என்று பாருங்கள். கழிவில் நல்ல தண்ணீரைக் கலந்து அளவைக் குறைப்பதும் குற்றம். புராசஸ் கழிவைக் கூலிங் தண்ணீரால் நீர்க்கச் செய்து விடுகிற பழைய வித்தை இருக்கிறதே, அதுதான். சுற்றுச்சூழல் சட்டத்தை 2024-இல் திருத்தி, ஜூலை 7 முதல் உச்ச அபராதத்தை ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்திவிட்டார்கள். முதலாளியிடம் பேசும்போது இந்த ஒரு எண் போதும், வேறு சொற்பொழிவு வேண்டாம்.

ஆனால் ஏ, பி என்று பிரித்ததில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கிள்ளான் ஆறு ஊரைத் தாண்டிக் கீழே இறங்கியதும் குடிக்க ஆள் இல்லாத ஆறு ஆகிவிடுகிறது, அதனால் இரண்டாம் வகுப்பு. நம் ஆட்கள் ரயில் ஓட்டிய, கோவில் கட்டிய பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடி, ஜாலான் தெங்கு கிளானா கடைத்தெருவுக்குப் பக்கத்தில் வந்து, துறைமுகத்தில் கடலோடு சேர்கிற 120 கிலோமீட்டர் ஆறு. 2019-லிருந்து நெதர்லாந்துக்காரர்களின் இயந்திரப் படகு கிள்ளானில் நின்று பிளாஸ்டிக் பொறுக்குகிறது. நல்ல காரியம். கரைந்து போனதைப் பொறுக்கப் படகு கிடையாது.

திருப்பிப் பயன்படுத்தலாமே என்பீர்கள். பயன்படுத்தலாம். பிளீட் தண்ணீரை வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வில் ஏற்றினால் முக்கால்வாசி நல்ல தண்ணீராக டவருக்கே திரும்பும். மீதிக் கால்வாசியில் எல்லா உப்பும் மருந்தும் சேர்ந்து நாலு மடங்கு கெட்டியாக நிற்கும். இதைச் சொல்லாமல் விற்பனைப் பிரதிநிதி இயந்திரத்தை விற்றுவிட்டுப் போவார். திருப்பூரைப் பாருங்கள். நொய்யல் ஆறு சாயக்கழிவில் செத்தபிறகு, 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்றது. தண்ணீரை மீட்டார்கள், அதில் திருப்பூர்க்காரர்களை மெச்ச வேண்டும். ஆனால் கடைசியில் மிஞ்சுகிற கலப்பு உப்பை யாரும் வாங்கமாட்டேன் என்கிறார்கள், மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஆகவே முதலில் கழிவைக் குறையுங்கள், இயந்திரம் அப்புறம். சைக்கிள் இரண்டில் ஓடுகிற டவருக்கு ஆர்.ஓ. வாங்குவது, ஓட்டை வாளிக்குத் தங்கத்தில் கைப்பிடி போடுகிற கதை.

இன்னொரு திசையிலிருந்தும் யோசிக்கலாம். டவருக்குள் போகிற தண்ணீர் குடிநீராகவே இருக்க வேண்டும் என்று எந்தச் சாமி வரம் கொடுத்தது? சென்னை மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990-களிலேயே நகரத்துச் சாக்கடைத் தண்ணீரை வாங்கிச் சுத்தம் செய்து கூலிங் டவருக்கு ஊற்றத் தொடங்கிவிட்டன. வேறு வழி இல்லாததால் வந்த ஞானம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு சனம் குடத்தோடு அலைந்த அதே ஆண்டில், கொடுங்கையூரில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்பும் நிலையத்தைத் திறந்தார்கள். சிங்கப்பூர் 2003-லிருந்து நியூவாட்டரைச் சிப் தொழிற்சாலைகளுக்கும் குளிரூட்டலுக்கும் கொடுக்கிறது. நம்மிடமும் ஊருக்கு ஊர் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவை வெளியேற்றும் தண்ணீர் பெரும்பாலும் ஆற்றுக்குத்தான் போகிறது. எச்சரிக்கையாகச் செய்ய வேண்டிய வேலை: அமோனியா மிஞ்சியிருந்தால் பித்தளை, செம்புக் குழாய்களைத் தின்றுவிடும். லெஜியோனெல்லா கிருமி வேறு. 1976-இல் பிலடெல்பியா ஹோட்டலில் கூடியவர்களைக் கொன்றதே, அதற்குக் கூலிங் டவர் தொட்டி போல இதமான வீடு கிடையாது. மருந்தைக் குறைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு கிருமி கொல்லியை நிறுத்திவிடாதீர்கள். அளந்து ஊற்றுங்கள் என்கிறேன்.

அதைவிடச் சுலபமான தண்ணீர் உங்கள் தலைக்கு மேலேயே சொட்டுகிறது. ஏசி யூனிட்டில் வடிகிற தண்ணீர். நம் ஊர்க் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும், அவ்வளவு ஈரம். அது உப்பே இல்லாத, சில்லென்ற தண்ணீர், டவருக்கு அமிர்தம். அதை அத்தனை கட்டடத்திலும் லொங்காங்கில் விட்டுவிட்டு, டவருக்கு ஆயர் சிலாங்கூர் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஒரு பிவிசி குழாய், ஒரு சின்னத் தொட்டி, ஒரு பம்ப். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் இதைச் செய்தேன். முப்பது வருஷம் முன்பே செய்திருக்கலாம். தோன்றவில்லை. சைபர்ஜெயா பக்கம் தரவு மையங்களில் வேலைக்குப் போகிற தம்பிகள் இதைக் கட்டாயம் கேளுங்கள். 2025 ஆகஸ்ட் முதல் தரவு மையங்களுக்கென்று தனித் தண்ணீர்க் கட்டணம், கனமீட்டருக்கு 5.31 ரிங்கிட். அந்த விலைக்கு உங்கள் முதலாளி காது கொடுப்பார்.

‘நாங்க சொன்னா யாரு அண்ணே கேப்பா’ என்பீர்கள். நாம் தோட்டத்துப் பிள்ளைகள், செம்பனை ஆலைக் கழிவுக் குட்டையின் நாற்றம் நமக்குத் தெரியும். 1970-களில் அந்தக் கழிவு நேராக ஆற்றில்தான் விழுந்தது. லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் பி.ஓ.டி. இருந்த கழிவை, 1978-இல் 5,000 ஆக்கு என்று சட்டம் சொன்னது. பிறகு படிப்படியாக இறக்கி 1984-இல் 100 ஆக்கிவிட்டார்கள். செய்யவே முடியாது, ஆலையை மூட வேண்டியதுதான் என்று முதலில் சொன்னவர்கள் உண்டு. குட்டை வெட்டியவர்களும், தினமும் சாம்பிள் எடுத்தவர்களும், பம்ப் அடைத்தால் கழுத்தளவு இறங்கியவர்களும் நம் அப்பாமார்கள். எந்தப் புத்தகத்திலும் அவர்கள் பெயர் இல்லை, ஆனால் செய்து முடித்தார்கள்.

உங்களிடம் ஒரு ஆயுதம் இருக்கிறது: லாக் ஷீட். அதில் கண்டக்டிவிட்டி, உள்வரும் மீட்டர், பிளீட் மீட்டர் மூன்றையும் உண்மையாக எழுதுங்கள். பிளீட்டுக்கு மீட்டரே இல்லையென்றால் ‘மீட்டர் இல்லை’ என்று ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதுங்கள். ஒரு மாதம் தொண்ணூறு முறை அதே வார்த்தை வந்தால், ஆடிட் வருகிறவர் கண்ணில் படாமல் போகாது. முப்பத்து நான்கு வருஷத்தில் நான் எழுதிய லாக் ஷீட்டுகளில் பாதிக்கு மேல் ஷிப்ட் முடிகிற நேரத்தில் உட்கார்ந்து ஒரே பேனாவில் நிரப்பியவை. நீங்கள் எப்படி நிரப்புகிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

இன்றைக்கு ஷிப்ட் ஏறியதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். பிளீட் வால்வில் கையை வைத்து, அங்கிருந்து குழாயைப் பிடித்தபடியே நடங்கள். சுவரைத் தாண்டி, கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி, காவலாளி கொட்டகைக்குப் பின்னால் அது எந்த லொங்காங்கில் விழுகிறது, அந்த லொங்காங் எந்த ஆற்றில் சேர்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அந்த ஆற்றின் பெயரை வால்வுக்குப் பக்கத்தில் பெயிண்டில் எழுதி வையுங்கள். என் டவரின் மஞ்சள் தண்ணீர் எந்த ஆற்றுக்குப் போயிற்று என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லொங்காங் ஓரமாகவே பேரனைக் கூட்டிக்கொண்டு நடந்து போனேன். அவன் கையில் ஜாடி இருந்தது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு பாய்லர்மேன்
கிள்ளான்